நெல் தூசும் நுரையீரலும்: மகளின் விருப்பத்தை எண்ணிக் கவலைப்படும் ஒரு தந்தைக்கு

அன்புடையீர், வணக்கம்.

இளநிலை விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், விவசாயத் தொழிலாளர்களின் ஆஸ்துமாவையும் நுரையீரல் திறனையும் ஆராயும் துறைக்குப் போக விரும்புகிறார் என்றும், மருத்துவம் படிக்காத பெண்ணுக்கு அதில் என்ன வேலை, யார் சம்பளம் கொடுப்பார்கள் என்றும் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விகளுக்கு வருவதற்கு முன், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒன்பது பருவம் தூற்றும் வேலை பார்த்ததாகவும், தூசு ஒத்துக்கொள்ளாமல் இரவில் மூச்சு முட்டத் தொடங்கியதால் அதை விட்டுவிட்டுப் பெட்டிக்கடை வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் படிக்க விரும்பும் துறையின் மிகக் கடினமான சிக்கல் அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது.

நாளைக்கே ஓர் ஆய்வுக்குழு அந்தக் கொள்முதல் நிலையத்துக்கு வந்து அங்கே வேலை செய்பவர்களின் மூச்சை அளந்தால், அந்தக் கணக்கில் நீங்கள் வரமாட்டீர்கள். தூசைத் தாங்க முடிந்தவர்கள்தான் அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். தாங்க முடியாதவர்கள் கடையிலோ, வீட்டுத் திண்ணையிலோ, திருப்பூரில் ஏதோ ஒரு பனியன் கம்பெனியிலோ இருப்பார்கள். எனவே அளந்த கணக்கு நன்றாகவே வரக்கூடும். ‘இந்தத் தூசால் பெரிய பாதிப்பில்லை’ என்று மனசாட்சிக்கு விரோதமில்லாமலே ஓர் அறிக்கையும் எழுதிவிட முடியும். தொழில்நோய் ஆய்வாளர்கள் இதற்கு ‘நலமான தொழிலாளி விளைவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேலையை விட்டுப் போனவர்கள் யார் யார், எந்த ஆண்டு, எதனால் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குப் புள்ளியியலோடு ஊர் அறிவும் வேண்டும். உங்கள் மகளிடம் இரண்டாவது ஏற்கெனவே இருக்கிறது.

இது புதிதாக முளைத்த துறை அன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700-இல் மோடெனாவில் வெளியிட்ட தொழில்நோய் நூலில், தானியம் சலிப்பவர்களுக்கும் அளப்பவர்களுக்கும் வரும் மூச்சுத் தொல்லையையும் உடல் அரிப்பையும் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார். நம் களத்து நெல்சுனையை அறிந்தவர்களுக்கு அது பழக்கமான செய்தியாகத்தான் தோன்றும். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவரும் அவரே. ஈரத்தோடு அடுக்கிப் பூசணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட இங்கிலாந்து உழவர்களுக்கு, சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வருவதை 1932-இல் காம்ப்பெல் என்ற மருத்துவர் பதிவு செய்தார். ‘விவசாயி நுரையீரல்’ என்று இன்று அழைக்கப்படும் அந்த நோய் ஆஸ்துமா அன்று; மூச்சுக்குழாயைத் தாண்டி, நுரையீரலின் காற்றுப் பைகளில் ஏற்படும் ஒவ்வாமை அழற்சி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால்தான் அளவீடு தேவைப்படுகிறது.

பெரிய அளவில் நடந்த ஆய்வுகளுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிமருந்து தெளிக்க உரிமம் பெற்றவர்களும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளுமாக ஏறத்தாழ 89,000 பேரை 1993 முதல் சேர்த்து, அவர்களுடைய உடல்நலத்தைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெண்டா எஸ்கனாசியின் குழு 1999, 2000 ஆண்டுகளில் 601 கர்ப்பிணிகளைச் சேர்த்தது. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிப் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள். குழந்தைகளின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தின் எச்சத்தை ஐந்து வயது வரை அவ்வப்போது அளந்து, ஏழு வயதில் அவர்களை ஊதச் சொல்லிப் பார்த்தபோது, எச்சம் பத்து மடங்கு கூடுதலாக இருந்தால் முதல் விநாடியில் வெளிவரும் காற்று சுமார் 160 மில்லி குறைவதாகத் தெரிந்தது. தெளித்தவர்களின் நுரையீரலோடு விஷயம் முடிவதில்லை என்பதற்கு அது சான்று. அந்த ஆய்வின் நேர்காணல்களை ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் தெரிந்த களப்பணியாளர்கள் நடத்தினார்கள் என்பதை உங்கள் மகள் குறித்துக்கொள்ளட்டும்.

‘ஊதச் சொல்லிப் பார்ப்பது’ என்று எளிதாக எழுதிவிட்டேன். ஸ்பைரோமெட்ரி என்ற அந்தப் பரிசோதனையைக் களத்தில் செய்வது பார்ப்பதற்கு விளையாட்டுப்போல இருக்கும். வெற்றிலை போட்டிருப்பவரை வாய் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். மூக்கில் கிளிப் மாட்ட வேண்டும். நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் வெடித்தாற்போல ஊதி, ‘இன்னும், இன்னும், இன்னும்’ என்று பக்கத்தில் நிற்பவர் கத்தக் கத்த, காற்று முழுதும் தீரும் வரை விடாமல் ஊத வேண்டும். குறையில்லாத ஊதல் மூன்று கிடைக்க வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. வெட்கப்பட்டு மெதுவாக ஊதும் பெண்ணின் நுரையீரல், கருவியின் கணக்கில் நோயுற்ற நுரையீரலாகிவிடும். காலையில் வேலைக்கு இறங்கும் முன் ஒரு முறை, மாலையில் கரையேறிய பின் ஒரு முறை என்று அளந்தால்தான் அன்றைய தூசு என்ன செய்தது என்பது தெரியும். ஆகவே விடிகாலை ஐந்து மணிக்குக் களத்துமேட்டில் நின்று, அலுப்பில் இருப்பவரைச் சிரிக்கவைத்து முழு மூச்சையும் வாங்கத் தெரிந்தவர்தான் அங்கே திறமைசாலி.

கேள்வித்தாளிலும் இதே கதைதான். ‘உங்களுக்கு ஆஸ்துமா இருக்கிறதா?’ என்று கேட்டால் பலர் இல்லை என்றே சொல்வார்கள். சரி, தமிழில் கேட்போம் என்று ‘இழுப்பு’ என்று போட்டால், சில ஊர்களில் அது வலிப்பு நோயைக் குறிக்கும். ‘வீசிங்’ என்பது ஒருவருக்குப் புரியும். இன்னொருவருக்கு ‘நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி சத்தம்’ என்றால்தான் புரியும். எந்த ஊரில் எந்தச் சொல் எதைக் குறிக்கும் என்று அறிந்து கேள்வியை அமைப்பது, ஆய்வு தேறுமா தேறாதா என்பதையே முடிவுசெய்யும் வேலை.

காரணங்களைப் பிரித்தெடுப்பது அடுத்த சிக்கல். வயலில் நாற்று நடும் அம்மா வீட்டில் விறகடுப்பும் ஊதுகிறார். தூற்றும் மனிதர் பீடியும் குடிக்கிறார். மூன்றாமவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் காசநோய் வந்து போயிருக்கிறது. இவற்றில் எது எவ்வளவு என்று சொல்வதற்குப் புள்ளியியல் வேண்டும். அடுப்புப் புகை பற்றிய பெரிய பன்னாட்டு ஆய்வு ஒன்றின் இந்தியப் பகுதி, விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில், சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வழியாக நடந்திருப்பதால், இத்தகைய களப்பணி நம் மாவட்டங்களுக்கு அந்நியமும் அன்று. நம்மவர்களுக்கு ‘இயல்பான’ நுரையீரல் அளவு எது என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. வயது, உயரம் முதலியவற்றைக் கொண்டு அந்த இயல்பு அளவைக் கணிக்க உலகம் முழுதும் பயன்படும் 2012-ஆம் ஆண்டுச் சமன்பாடுகளில் இந்தியத் துணைக்கண்டத்துக்கெனத் தனிப் பிரிவு கிடையாது. உங்கள் மகளுக்கு இங்கே இடம் இருக்கிறது என்று நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

‘மண்ணில் புரண்ட பிள்ளைக்கு ஆஸ்துமா வராது என்கிறார்களே, அப்புறம் என்ன ஆராய்ச்சி?’ என்று உறவினர் யாராவது கேட்கக்கூடும். அதில் பாதி உண்மை. அமெரிக்காவின் இரண்டு வேளாண் சமூகங்களை ஒப்பிட்டு 2016-இல் வெளிவந்த ஆய்வில், மாட்டுக் கொட்டிலை ஒட்டி வளரும் ஆமிஷ் குழந்தைகளிடம் ஆஸ்துமா 5.2 சதவீதமாகவும், இயந்திரமயமான பெரும்பண்ணைகளில் வாழும் ஹட்டரைட் குழந்தைகளிடம் 21.3 சதவீதமாகவும் இருந்தது. குழந்தையின் நோயெதிர்ப்பைப் பழக்கும் அதே தூசும் நுண்ணுயிர் நஞ்சும், வளர்ந்தவர் மூச்சோடு நாள் முழுதும் அளவுக்கு மீறிப் போகும்போது நெஞ்சை அடைக்கின்றன. உறவினருக்கு இந்த மறுபாதியையும் சொல்லிவிடுங்கள்.

இனி வழி. நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவது நெஞ்சக நோய் மருத்துவரின் வேலை. ஆய்வை வடிவமைப்பதும், அளப்பதும், கணக்கிடுவதும் மருத்துவர் அல்லாதவர்களும் செய்யும் வேலை. உங்கள் மகள் அடுத்ததாகப் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பைப் பார்க்கலாம்: திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனமும் புதுச்சேரி ஜிப்மரும் அதை நடத்துகின்றன, தகுதி விதிகள் ஆண்டுக்காண்டு மாறுவதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். தொழில்நோய்க்கென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அகமதாபாத்தில் தனி நிறுவனமும், நோய்ப்பரவியலுக்கென்று சென்னையில் இன்னொரு நிறுவனமும் வைத்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் இதே விருப்பத்தோடு வந்த ஒரு மாணவியை, ‘ஆராய்ச்சி என்றால் ஆய்வகம்’ என்று நினைத்து நுண்ணுயிரியலுக்கு அனுப்பிவைத்தேன். அவருக்கு மனிதர்களோடு பேசத்தான் பிடித்திருந்தது. அந்தத் தவறை உங்கள் மகள் விஷயத்தில் செய்ய மாட்டேன்.

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் திட்டப் பணிகள்; திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், அடுத்ததைத் தேட வேண்டும். தேசிய அளவிலான தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால், 2023 முதல் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படியும் உண்டு. நிரந்தர வேலைக்கு முப்பது வயதைத் தாண்டிவிடலாம். இரண்டே ஆண்டுகளில் குடும்பத்துக்குப் பணம் வந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால், அதை மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். அப்படியானால் மருத்துவமனையில் நுரையீரல் பரிசோதனை செய்யும் சுவாசச் சிகிச்சைத் தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பின்னர் ஆய்வுக்கு வரலாம். அது சுற்றுவழிதான், ஆனாலும் கௌரவமான வழி.

எந்த வழியானாலும், கல்லூரி முடிவதற்குள் அவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்னை நோய்ப்பரவியல் நிறுவனம் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நடத்தும் சுகாதார ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே பணம். அதை முடித்தபின்னும் ஆர்வம் குறையவில்லை என்றால் மேற்கொண்டு பேசுவோம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரவு மூச்சுமுட்டல் இப்போதும் அவ்வப்போது வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். நீங்கள் ஊதும்போது அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், அறிக்கையின் நகலை வாங்கி வரிவரியாகப் படிக்கட்டும். கொள்முதல் நிலையத்தில் ஒன்பது பருவம் தூற்றியதை, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.