தோஹாவில் பெட்டியை எடுத்து மறுபடி போடணுமா?

நாகர்கோவிலிலிருந்து அம்மா தனியாக, திருவனந்தபுரம்–தோஹா–லண்டன் எகானமியில் போவதாகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருந்தால் பொதுவாக எடுக்க வேண்டாம். ஆனால் செக்-இன் கவுன்டரிலேயே பெட்டியில் ஒட்டும் டேக்கைப் பாருங்கள்: கடைசி ஊராக எல்.எச்.ஆர் (ஹீத்ரோ) இருக்க வேண்டும். டி.ஓ.எச் (தோஹா) மட்டும் இருந்தால் பெட்டி தோஹாவிலேயே நின்றுவிடும், உடனே சொல்லித் திருத்துங்கள். இரண்டு போர்டிங் பாஸும் அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

தனித்தனி டிக்கெட் என்றால் கதை வேறு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுக்கு யாரும் பொறுப்பில்லை. அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கொப்பரைத் தேங்காய் வைக்காதீர்கள். தானே சூடாகித் தீப்பற்றக்கூடியது என்பதால் செக்-இன் பெட்டியில் தடை. நேந்திரங்காய் சிப்ஸ் பிரச்சினையில்லை. தேங்காய் எண்ணெய், ஊறுகாய் பெரிய பெட்டியில். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

கால் வீங்கும். நடைபாதை ஓர இருக்கை வாங்கிக் கொடுங்கள், அடிக்கடி எழுந்து நடக்கட்டும். மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

விமான நிலையம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான், ஆனாலும் களியக்காவிளை, பாலராமபுரம் நெரிசலை நினைத்து முன்னதாகவே கிளம்புங்கள்.