லேன் மாறி மாறி ஓட்டினால் சீக்கிரம் போய்ச் சேரலாமா? அதனால் மற்றவர்களுக்கு என்ன பாதிப்பு?

சீக்கிரம் போகலாம், ஒன்றிரண்டு நிமிடம். 20 கி.மீ. தூரத்தை 80 கி.மீ. வேகத்தில் போனால் 15 நிமிடம். விரட்டி விரட்டி சராசரியை 90-க்கு ஏற்றினாலும் 13 நிமிடம் 20 நொடி ஆகும். நாகர்கோவில் ஊருக்குள் நுழைந்ததும் அந்த லாபம் போய்விடும்.

பக்கத்து லேன் வேகமாகப் போவதாகத் தெரிவது பல நேரம் கண்மயக்கம்தான். ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள் 1999-ல் நேச்சர் அறிவியல் இதழில் இதை விளக்கினார்கள். இரண்டு லேனின் சராசரி வேகமும் ஒன்றாகவே இருந்தாலும், நாம் மற்றவர்களை முந்துவது சட்டென்று முடிந்துவிடும். அவர்கள் நம்மை முந்தும் நேரம் நீளும்.

பாதிப்பு பின்னால் வருபவருக்கு. 80-ல் வரும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே நுழைந்தால், அவர் கால் பிரேக்குக்குப் போவதற்குள் இடைவெளி தீர்ந்துவிடும். அவர் பிரேக் பிடித்தால் அடுத்தவர் இன்னும் அழுத்திப் பிடிப்பார். வண்டிகள் நெருக்கமாக வரும்போது கடைசியில் ஒருவர் நின்றே விடுவார், எதற்கு நின்றோம் என்றே தெரியாமல்.

ஆனால் நம்ம குமரி மாவட்டத்தில் லேன் மாறுபவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. முந்துவதற்கு உள்ள வலது லேனை விடாமல் பிடித்துக்கொண்டு, எம்-சாண்ட் ஏற்றிய டாரஸ் லாரி ஊர்ந்து போனால், பின்னால் வருபவர்கள் இடப்பக்கம்தான் முந்துவார்கள். கேபினை ஒட்டி இடப்பக்கம் வரும் பைக் லாரிக்காரர் கண்ணுக்குப் படவே படாது. காலியாக இருக்கிறதென்று அவர் இடது லேனுக்குத் திருப்பினால் தீர்ந்தது. முதலில் கண்டிப்பு காட்ட வேண்டியது இந்த லாரிகளிடம்தான்.

ஆனி, ஆடியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காவல்கிணற்றிலிருந்து கன்னியாகுமரிக்கு இறங்கும் நான்கு வழிச்சாலையில் மேற்குக் காற்று வலப்பக்கமிருந்து அடிக்கும். பைக்கைக் காற்றுக்கு எதிராக லேசாகச் சாய்த்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். வலது லேன் லாரியை இடப்பக்கமாக முந்தும்போது அதன் மறைவில் காற்று அடங்கிவிடும், நாமும் நிமிர்ந்துவிடுவோம். லாரியின் முகப்பைத் தாண்டியதும் மொத்தக் காற்றும் ஒரே அடியாக அடித்து, வண்டியைச் சாலையோரத்துக்குத் தள்ளும். அங்கே லாரிக்குப் பின்னாலேயே இடைவெளி விட்டு வாருங்கள். ஹாரன் அடியுங்கள், லைட் போட்டுக் காட்டுங்கள். அவர் இடது லேனுக்கு ஒதுங்கிய பிறகு வலப்பக்கமாக முந்துங்கள்.