வெக்கையும் வீட்டு நாயும்: வாசகர் கேள்விகளுக்கு மிருக வைத்தியர் பதில்

கேள்வி: டொக்டர் ஐயா, எங்கள் வீட்டில் மூன்று வயது லாப்றடோர் கலப்பு நாய் நிற்கிறது. பகலில் கட்டி வைத்து இரவில் அவிழ்த்து விடுவோம். பங்குனிக் கடைசியிலிருந்து பகல் முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துக்கொண்டே கிடக்கிறான். மத்தியானச் சோற்றை மணந்தும் பார்க்கிறான் இல்லை. ஏதும் வருத்தமாக இருக்குமோ?
– வாசகி, கொக்குவில்

பதில்: இரவில் வயிறாரச் சாப்பிட்டு, பழையபடி வளவெல்லாம் ஓடித் திரிகிறான் என்றால் பயப்பட வேண்டாம். வெக்கைதான் காரணம். எங்களுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றச் சூடெல்லாம் இளைத்துத்தான் இறங்க வேண்டும். நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் காயும்போது உடம்பு குளிரும். கடல் சூழ்ந்த எங்கள் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் கூட, அதனால் வாயின் ஈரம் லேசில் காயாது. பாவம், அவன் இன்னும் வேகமாக இளைக்க வேண்டியிருக்கிறது.

எனக்குக் கவலை அந்தச் சங்கிலிதான். எந்த இடத்தில் கட்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் போகிற வீடுகளில் அடிக்கடி காண்பதைச் சொல்கிறேன். காலையில் வீட்டின் மேற்குப் பக்கம் நல்ல நிழலாக இருக்கும். வேலைக்குப் போகிற அவசரத்தில் அங்கே கட்டிவிட்டுப் போவார்கள். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மத்தியானம் சுவருக்குப் பக்கத்தில் ஒரு சாண் நிழலும் இராது. இரண்டு மணிக்கு மேல் வெய்யில் முழுக்க அந்தச் சுவரில்தான் அடிக்கும். சீமெந்து நிலம் தோசைக்கல்லாகக் காயும். நிழல் வீட்டின் மற்றப் பக்கம் போயிருக்கும், ஆனால் நாய் போக முடியாது. தண்ணீர்ச் சட்டியையும் பெரும்பாலும் அந்தச் சங்கிலியே இழுத்துக் கவிழ்த்திருக்கும்.

கட்டாத நாயைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காலையில் விறாந்தை. பதினொரு மணியளவில் வாழைப்பாத்தியில் ஈர மண்ணைக் கிண்டி, வயிற்றை அதில் அழுத்திப் படுக்கும். பின்னேரம் கிணற்றடி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாழை ஒன்றிரண்டு சாய்ந்தால் சாயட்டும், நாயை அடிக்காதீர்கள்.

ஆகவே வேலிப் பொட்டுகளை அடைத்து, படலையைச் சாத்தி, பகலிலும் வளவுக்குள் அவிழ்த்து விடுங்கள். அதற்கு வழியே இல்லை என்றால் வேம்புக்கும் மாமரத்துக்கும் இடையில் ஒரு கம்பியை இழுத்து, சங்கிலி அதில் ஓடுகிற மாதிரிக் கட்டுங்கள். தகரக் கூட்டில் பகலில் அடைக்கவே கூடாது. சோறு விடியக் கொஞ்சம், இரவு மிச்சம் என்று கொடுத்தால் போதும். தண்ணீரைப் பாரமான மண்சட்டியில் இரண்டு இடத்தில் வையுங்கள். இருபது கிலோ நாய் சாதாரண நாளிலேயே ஒரு லீற்றருக்குக் கிட்டக் குடிக்கும், இந்தக் காலத்தில் அதைவிடக் கூட வேண்டும்.

கேள்வி: பொமேரியன் நாய்க்கு வெக்கைக்காக மொட்டை வழித்து விடலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: வேண்டாம். அதன் இரண்டடுக்கு மயிர் வெய்யிலையும் தடுக்கிறது. வழித்தால் தோல் எரியும், மயிர் பழையபடி வளராமலும் போகலாம். தினமும் சீவி உதிர்ந்த மயிரை எடுங்கள். வயிற்றடியில் மட்டும் கொஞ்சம் கத்தரிக்கலாம்.

கேள்வி: பின்னேரம் நாலு மணிக்கு நாயைக் கடற்கரைப் பக்கம் ஓட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது தள்ளாடி விழுந்துவிட்டது. வாயால் நுரை தள்ளியது. தண்ணீர் ஊற்றிய பிறகு எழும்பிவிட்டது. இனிப் பிரச்சினை இல்லைத்தானே?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: தம்பி, இதை வாசித்த உடனே நாயை மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். நாயின் சாதாரண உடம்புச் சூடு 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. அது 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். எழும்பி நடக்கிறது என்பதை நம்பி இருந்துவிட முடியாது.

தண்ணீர் ஊற்றியது மிகச் சரி, அதுதான் உயிரைக் காப்பாற்றியது. எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்: முரசு (பல் ஈறு) கடும் சிவப்பாகி, எச்சில் நூலாக வடிந்து, நடை தள்ளாடினால் முதலில் குளிர வைக்க வேண்டும், பிறகுதான் ஓட்டோ பிடிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் போதும். வயிறு, கவட்டு, கால்கள் எல்லாம் நனைய வாளி வாளியாக ஊற்றி, விசிறியால் வீசுங்கள். ஈரத் துவாயால் மூடி விடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாய்க்குள் தண்ணீர் வார்க்கவும் கூடாது. பனடோல் கொடுக்கவே வேண்டாம், இந்தச் சூட்டுக்கு அது கேட்காது, நாய்க்கு நஞ்சாகவும் முடியும்.

நாலு மணி ஓட்டத்தை விட்டுவிடுங்கள். புறங்கையைத் தார் றோட்டில் வைத்து ஏழு எண்ணும்வரை வைத்திருக்க முடியாவிட்டால், அந்த றோட்டில் நாயின் பாதமும் வேகும். விடியற்காலைதான் நல்லது.

கேள்வி: எவ்வளவு பிடுங்கினாலும் உண்ணி குறையவில்லை. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டலாம் என்கிறார்கள்.
– வாசகி, சுன்னாகம்

பதில்: ஐயோ, செய்ய வேண்டாம்! வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்தை நாய் நக்கினால் செத்துப்போகும். உண்ணி நாயில் மட்டும் இருப்பதில்லை. இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் நாய் படுக்கிற மூலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய்க்கு வைத்தியர் தருகிற மருந்தைப் பாவியுங்கள். கூடவே வெடிப்புகளைச் சீமெந்தால் பூசி, படுக்கிற சாக்கைக் கொதிதண்ணீரில் அவியுங்கள். சாப்பாட்டை விட்டு, முரசு வெளிறி, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். வெய்யிலில் சோர்ந்து கிடக்கிறது என்று நினைத்து ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.