ஆடுகள் என்ன நினைக்கும்?

கேள்வி: எங்கள் சேகரத்து ஐயர் சில மாதமாகச் சோர்ந்து கிடக்கிறார். பக்கத்துச் சேகரங்களின் ஐயர்மார் சிலரோடு மாதம் ஒருமுறை கூடி மனம்விட்டுப் பேசப்போகிறாராம். மேய்ப்பனே இன்னொரு மேய்ப்பனைத் தேடிப்போனால் ஆடுகள் என்ன நினைக்கும்? முழங்காலில் நின்று ஜெபித்தால் போதாதா?
- சபை மன்ற உறுப்பினர் ஒருவர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: ஆடுகள் ஒன்றும் நினைக்காது. சபை மன்றம்தான் நினைக்கும்; நினைத்ததை மாறுதல் சமயத்தில் பேராயர் காதுவரை கொண்டுபோகும். அந்தப் பயத்தில்தான் பாதி ஐயர்மார் வாயைத் திறப்பதில்லை. (வேறு ஊர் வாசகர்கள் குழம்பவேண்டாம். நெல்லைக் கிறிஸ்தவர்களுக்கு ஐயர் என்றால் குருவானவர்; சேகரம் என்றால் அவர் பொறுப்பிலுள்ள சபைகள்.)

மேய்ப்பன் என்றதும் உங்கள் கண்ணில் நிற்பது காலண்டர் படம். வெள்ளை அங்கி, கையில் கோல், தோளில் ஒரு குட்டி, பின்னால் அந்திச் சூரியன். ஆள் மட்டும் ஒண்டி. அறுப்பு முடிந்த வயலில் உரத்துக்காக ராத்திரி ஆடுகளை அடைத்து, கிடை போட வருகிறவர்களை ஒருநாள் போய்ப் பாருங்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் செம்மறிக்காரர் எவரும் தனியாக வருவதில்லை. பல பேருடைய ஆடுகள் சேர்ந்ததுதான் கிடை. அதற்கு மூத்தவர் ஒருவர் கீதாரி. எந்த வயல், நிலக்காரரிடம் என்ன கூலி, எப்போது கிளம்புவது, எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். ராத்திரியில் முறைவைத்து விழிப்பார்கள். ஒருவர் விழித்திருப்பதால் மற்றவர் தூங்கலாம். 'எங்கள் ஆளுக்குக் கீதாரி எதற்கு?' என்று எந்த ஆடும் இதுவரை மனு எழுதவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? ஐந்தாறு ஊர்ச் சபைகளை ஒரு சேகரமாகக் கட்டி ஒருவர் தலையில் வைக்கிறோம். உபதேசியார் ஜெபம் நடத்தலாம்; நற்கருணைக்குக் குருவானவர்தான் வேண்டும். ஞாயிறு விடிந்ததும் வண்டியை எடுக்கிறார். நடுவில் ஓர் அடக்க ஆராதனை, ஒரு பங்காளிச் சண்டை, பள்ளிக்கூடக் கணக்கு. பிறகு ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்கிறோம்.

ஜெபம் போதாதா என்கிறீர்கள். 1 இராஜாக்கள் 19ஐ எடுங்கள். கர்மேல் மலையில் ஜெயித்த தீர்க்கதரிசி எலியா, ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் விழுந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். அதுவும் ஜெபம்தானே? வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடை, தண்ணீர், தூக்கம். மறுபடியும் அடை, தண்ணீர். அதே அதிகாரம் முடிவதற்குள் அவனுக்குத் துணையாக எலிசா வந்துவிடுகிறான். பிரசங்கி 4இல் ஓர் அருமையான தமிழ்ச் சொல் இருக்கிறது: உடனாளி. விழுந்தவனைத் தூக்கிவிடுகிறவன். நம் வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான வேதநாயகம் அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மிஷனெரிகளைப் பார்த்துக் கேட்டதும் இதைத்தான்: எவ்வளவோ கொடுத்தீர்கள், இனி நண்பர்களைத் தாருங்கள்.

ஆகவே உங்கள் ஐயர் போகட்டும். ஆனால் எப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போகிறார் என்று அவரே பார்த்துக்கொள்ளவேண்டும். ஐந்து முதல் ஏழு பேர் சரி. நாலு பேர் என்றால் இரண்டு பேர் வராத மாதம் படுத்துவிடும். பத்துப் பேர் என்றால் மேடை முளைத்துவிடும். நாள், திங்களோ செவ்வாயோ. இரண்டரை மணி நேரம். குருமனையில் வேண்டாம், வாசலில் நிற்கும் பைக்குகளை வைத்தே ஊர் கதை கட்டிவிடும். மாறுதல் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவரும் அவருக்கு வேண்டியவரும் உள்ளே வரக்கூடாது. பெண் குருவானவர் ஒருவர் மட்டும் இருந்தால் இன்னொருவரையும் சேர்க்கவேண்டும்.

முதலில் ஆளுக்கு ஐந்து நிமிஷம்: தூக்கம், வீடு, கடன். பிறகு ஒருவர் மட்டும் ஒரு சிக்கலை, ஊர் பேர் சொல்லாமல், பத்து நிமிஷத்தில் வைக்கவேண்டும். அடுத்த இருபது நிமிஷம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். புத்தி சொல்லக்கூடாது. இங்கேதான் எல்லாக் குழுவும் சறுக்குகிறது. வாரம் முழுக்கப் பிரசங்கம் பண்ணிய வாய்க்குக் கேள்விக்குறி போடுவது கஷ்டம், "சகோதரரே, நீங்க ஏன் உபவாசம் இருந்து பார்க்கக்கூடாது?" என்பது கேள்வி அல்ல. கடைசிப் பேச்சு சிக்கலைக் கொண்டுவந்தவருடையது. அதன்பிறகு ஜெபம். முன்னாலேயே ஜெபத்தை ஆரம்பித்தால் பேசவேண்டியது ஜெபத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

ரகசியம் பெரும்பாலும் உடைவது 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில்தான். "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று ஒருவர் வீட்டில் சொன்னால் மூன்றாம் நாள் பெண்கள் ஐக்கியத்தில் அந்தக் குறிப்பு ஏறியிருக்கும். ரகசியத்துக்கு விலக்கு எது என்பதையும் முதல் நாளே பேசிவிடவேண்டும்: உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு. பின்னது பாலியல் கொடுமையானால், தெரிந்துகொண்டு மறைப்பது போக்சோ சட்டப்படி குற்றம். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாகலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் குழு அவருக்கு மருந்தல்ல. டாக்டரிடம் ஒருவர் கூடவே போகவேண்டும். ராத்திரி நேரமானால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் பண்ணவேண்டும்.

புதிதாக வந்த உதவி குருவுக்குக் குழு மட்டும் போதாது, மூத்தவர் ஒருவரும் வேண்டும். அவருடைய சொந்தச் சேகரத் தலைவர் அதற்கு ஆகமாட்டார், ஓய்வுபெற்றவரே நல்லது. முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, வருஷம் முடிந்ததும் இருவரும் தொடரலாமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். "எங்க காலத்துல" என்ற வார்த்தைக்கு ஒரு சந்திப்புக்கு ஒரு தடவை அனுமதி. ஐயரின் மனைவியை, அதாவது ஐயரம்மாவை, இங்கேயும் மறந்துவிடுவோம். ஊர்ப் பாரம் முழுக்க அவர் காதில், இறக்கிவைக்க இடமில்லை. அவர்களுக்கும் தனியாக ஒரு கூட்டம் வேண்டும். அதை ஐயர்மார் நடத்தக்கூடாது.

'ஏற்கெனவே போதகர் ஐக்கியம் இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் சிறப்புச் செய்தி, பிறகு பொன்னாடை, பிறகு பிரியாணி. இந்தப் பக்கத்தில் பொன்னாடைக்கு விரோதமாக எழுதி எழுதி என் பேனா தேய்ந்துவிட்டது. குளிருக்குப் போர்த்த முடியாது, கை துடைத்தால் ஈரம் ஏறாது, இஸ்திரி போட்டால் சுருண்டுவிடும். ஆகவே மடித்து வைத்து அடுத்த கூட்டத்தில் அடுத்தவருக்குப் போர்த்துகிறார்கள். இப்படியே சுற்றி ஒருநாள் அது முதலில் வாங்கினவர் தோளுக்கே திரும்பி வரும். அவரும் முதல் தடவை பார்ப்பதுபோல் சிரிப்பார். நம் சபைகளில் வருஷம் தவறாமல் சுற்றுப்பயணம் போவது அது ஒன்றுதான். பொன்னாடையைவிட மோசம் ஒன்று உண்டு: திருமண்டலத் தேர்தல், அதாவது பேராயரின் ஆளுகைக்குட்பட்ட சபைகளுக்கான தேர்தல். குழுவில் எவராவது "நம்ம அணி" என்றால் அன்றோடு அதைக் கலைத்துவிடலாம். வாக்குக் கேட்கும் இடத்தில் எவன் அழுவான்?

உங்கள் மன்றம் செய்யவேண்டியது கொஞ்சம்தான். அந்தக் கூட்டம் நடக்கும் நாளில் நிச்சயதார்த்தம், புதுவீட்டு ஜெபம் எதுவும் வைக்காதீர்கள். என்ன பேசினீர்கள் என்று திரும்பி வந்தவரிடம் கேட்காதீர்கள். பஸ் செலவைச் சேகரக் கணக்கில் கொடுங்கள். தணிக்கைக்காரர் என்ன தலைப்பு என்று கேட்டால், 'கிடைச் செலவு' என்று எழுதச் சொல்லுங்கள்.