நான்காவது மருந்து வாங்குவதற்கு முன்

கேள்வி: ஒட்டுசுட்டானில் 500 இறைச்சிக் கோழிகள் வளர்க்கிறேன். இன்று 24ஆம் நாள். ஒரு வாரமாக மூச்சிழுப்பும் கழிச்சலும். தினமும் ஐந்தாறு சாகின்றன. என்ரோபிளொக்சசின் 2 நாள் கொடுத்தேன், நிற்கவில்லை. ஒக்சிரெற்றாசைக்கிளின் 3 நாள், அதுவும் கேட்கவில்லை. இப்போது அமொக்சிசிலின் கொடுக்கிறேன். செத்த ஒன்றை அறுத்துப் பார்த்தேன். ஈரலின் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. இதைவிட வலுவான மருந்து எது ஐயா? அளவை இரட்டிப்பாக்கலாமா?

பதில்: தம்பி, அளவைக் கூட்ட வேண்டாம். மருந்தைத் தாங்கி நிற்கும் எதிர்ப்புப் பெற்ற கிருமிக்கு இரட்டை அளவும் பெரும்பாலும் ஒன்றுதான். அடிபடுவது கோழியும் உங்கள் பணமும்.

ஆறிய கஞ்சியில் ஆடை படிவதுபோல ஈரலையும் இதயத்தையும் வெள்ளைப் படலம் மூடியிருந்தால், முதலில் ஈ-கோலை கிருமியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு கோழியின் குடலிலும் குடியிருக்கிற கிருமி அது. நீங்கள் 2 நாளில் நிறுத்திய மருந்து மெலிந்த கிருமிகளைக் கொன்று, தாக்குப்பிடித்தவற்றுக்கு இடம் விட்டுக் கொடுத்திருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. எதிர்ப்பைத் தரும் மரபணுக்கள் பல ஒரே கட்டாகக் கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவும். அதனால் உங்கள் கோழிகள் கண்டிராத மருந்தும் தோற்கலாம். குஞ்சு வரும்போதே அந்தக் கட்டைச் சுமந்து வந்திருக்கவும் கூடும்.

எல்லாப் பழியையும் கிருமியின் தலையில் போடவும் முடியாது. உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படிவு தடிப்பாக இருந்தால் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம். அது ஒக்சிரெற்றாசைக்கிளினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடலில் உறிஞ்ச விடாது. நோயுற்ற கோழி தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். ஆக, நீங்கள் கலந்த அளவு வேறு, கோழிக்குப் போய்ச் சேர்ந்த அளவு வேறு.

‘வலுவானது’ என்று யாராவது கொலிஸ்டினை நீட்டினால் வாங்காதீர்கள். மற்றவை கைவிட்ட பிறகு ஆஸ்பத்திரிகளில் மனிதருக்கு எடுக்கும் மருந்து அது. அதை எதிர்க்கும் மரபணு, கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவக்கூடியது, 2015இல் சீனாவில் பன்றிகளிடமும் கோழி இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டறியப்பட்டதாக அறிவித்தார்கள். இந்தியா 2019இல் பண்ணை விலங்குகளுக்கு அதைத் தடைசெய்தது.

இன்றே செய்ய வேண்டியது: சற்றுமுன் செத்த இரண்டு கோழிகளையும், நோயோடு உயிருடன் இருக்கும் இரண்டையும் உங்கள் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். செத்தவற்றை ஐஸில் வையுங்கள், உறைய விடாதீர்கள். கொடுத்த மருந்துகளின் லேபல்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஆய்வுகூடத்தில் கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த சிறு வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக இருக்கிறதோ அந்த மருந்துதான் கேட்கும். முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அதுவரை அமொக்சிசிலினைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை வைத்தியரே சொல்லட்டும். ராணிக்கெட், கம்போரோ போன்ற வைரஸ் நோய் அடியில் இருக்கிறதா என்பதையும் அவர் பார்ப்பார். வைரஸை எந்த அன்டிபயோட்டிக்கும் தொடாது.

முடிவு வரும்வரை கொட்டிலைக் கவனியுங்கள். மாரி மழைக்குப் பயந்து நான்கு பக்கமும் தறப்பாளை இறக்கிக் கட்டியிருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். கோழியின் உயரத்துக்குக் குந்தியிருந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அமோனியா அவற்றின் மூச்சுக்குழலையும் அரிக்கிறது. ஈ-கோலை உள்ளே நுழைவது அந்த வழியால். தறப்பாளின் மேற்பக்கத்தை ஒரு முழம் திறந்து விடுங்கள். உமியை ஒரு பிடி இறுக்கிப் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். தண்ணீர்ப் பாத்திரங்களைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள்.

செத்தவற்றைக் குளத்துப் பக்கம் எறிய வேண்டாம், நாய்க்கும் போட வேண்டாம். கிணற்றுக்கு எட்டத்தில் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பிழைத்தவற்றை விற்பதற்கு முன் லேபலில் உள்ள விலக்கு நாட்களை, அதாவது மருந்து கோழியின் உடலைவிட்டு நீங்கப் பொறுக்க வேண்டிய நாட்களை, பாருங்கள். மூன்று மருந்துக்கும் தனித்தனியே கடைசியாகக் கொடுத்த நாளிலிருந்து எண்ணி, எது கடைசியில் முடிகிறதோ அதற்குப் பிறகுதான் இறைச்சிக்குக் கொடுக்கலாம்.