வயதான அம்மா நாள் முழுக்க போனில் குட்டி நாடகம் பார்க்கிறார், யாரோடும் பேசுவதில்லை. போனை வாங்கி வைத்துவிடலாமா?

வேண்டாம். எத்தனை மணி நேரம் பார்க்கிறார் என்று எண்ணுவதற்கு முன், அந்த நேரத்தில் முன்பெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். சும்மா படுத்துக்கிடந்த நேரம் என்றால் நாடகம் நல்ல துணைதான். மாலை நடையும் அக்கம்பக்கத்துப் பேச்சும் நின்றுபோயிருந்தால், எது முதலில் நின்றது என்று விசாரியுங்கள். காது மந்தமாகி, நாலு பேர் பேசுவது புரியாமல் ஒதுங்கியவர்கள் பலர் போனுக்குள் போய்விடுகிறார்கள். அங்கே வசனம் எழுத்திலும் வருகிறது, சத்தத்தையும் கூட்டிக்கொள்ளலாம். அவர்களுக்கு முதல் தேவை காது பரிசோதனை.

இரவுதான் பெரிய சிக்கல். ஒரு கதைக்கு 60 முதல் 100 எபிசோடு, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிடம். கூட்டினால் ஒரு முழுப்படம், ஆனால் இடைவேளை கிடையாது. கதையில் மாமியார் கை ஓங்குவார். அடி விழுமுன் எபிசோடு முடியும். விரல் படுவதற்குள் அடுத்தது ஓடத் தொடங்கிவிடும். தூக்கம் கெட்டால் மறுநாள் சோர்வு, எழுந்து நடக்கத் தயக்கம், வெளியே போகவும் மனமிருக்காது. அவரிடம் சொல்லிவிட்டே, ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் இருக்கும் டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில் அந்த ஆப்புக்கு டைமர் வையுங்கள். போனை இரவில் கூடத்தில் சார்ஜ் போடப் பழக்குங்கள்.

பணத்தையும் பாருங்கள். முதல் சில எபிசோடுகள் இலவசம், கதை சூடுபிடித்ததும், பணம் கொடுத்து ஆப்புக்குள் வாங்க வேண்டிய காயின் கேட்கும். வாரச் சந்தா தானாகப் புதுப்பிக்கும். ஆப்பை நீக்கினாலும் பணம் போய்க்கொண்டே இருக்கும். பிளே ஸ்டோரில் கணக்குப் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதியில் சந்தாவை ரத்து செய்யுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் பெயரைத் தொட்டால் அதே பட்டியல் வரும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். பணம் போனதற்காகத் தயவுசெய்து அதட்டாதீர்கள். ஏற்கெனவே கூச்சத்தில் இருப்பவர், அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டார்.

பேச்சைத் திரும்பக் கொண்டுவர அந்த நாடகமே உதவும். தினமும் இரண்டு எபிசோடு பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "அவ ஏம்மா உண்மையைச் சொல்லாம இருக்கா?" என்று கேளுங்கள். "நல்லாயிருக்கா?" என்று கேட்டால் "ம்" என்பதோடு முடிந்துவிடும். அவருடைய தங்கையோ தோழியோ அதே கதையைப் பார்க்கிறார் என்றால் இன்னும் நல்லது: இருவரும் நாளுக்குப் பத்து எபிசோடு என்று பேசிவைத்துக்கொண்டு, முடிந்ததும் போன் செய்து பேசட்டும். பத்தாவதில் நிறுத்த அவருக்கே ஒரு காரணம் கிடைக்கும்.