இன்ஸ்டாகிராமை நிறுத்த ஒன்றே முக்கால் லட்சம் தேவையா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு கிறிஸ்தவ மேல்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியை நான். லேபில் 40 கம்ப்யூட்டர்கள், கூடவே விடுதி. பிளஸ் ஒன் பிள்ளைகள் லேபிலேயே இன்ஸ்டாகிராம் பார்க்கிறார்கள். ஃபயர்வால் பெட்டி வைத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று ஒரு டீலர் ஒன்றே முக்கால் லட்சம் கேட்கிறார். வாங்கலாமா? பிள்ளைகளின் பாஸ்வேர்டை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்குக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள், சிஸ்டர். உங்கள் லேபில் ஓட்டை இருக்கும் இடம் வேறு.

ஏதாவது ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து, பிள்ளைகள் எந்தக் கணக்கில் உள்ளே நுழைகிறார்கள் என்று பாருங்கள். பாஸ்வேர்டே இல்லாத, எதையும் மாற்ற முடிகிற அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்காக இருந்தால், தடையைச் சுற்றிக்கொண்டு போகிற விபிஎன் மென்பொருளைப் போட இரண்டு நிமிடம் போதும். மாணவர்களுக்கு 'ஸ்டாண்டர்ட் யூசர்' கணக்கு மட்டும் கொடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடமும் லேப் ஆசிரியரிடமும் இருந்தால் போதும். குரோமில் விபிஎன் வேலையைச் செய்யும் எக்ஸ்டென்ஷன் (குட்டி இணைப்பு மென்பொருள்) சேர்ப்பதற்கு அட்மின் அனுமதி தேவையில்லை என்பதால், அட்மின் போடும் கட்டுப்பாடான குரோம் பாலிசியில் எக்ஸ்டென்ஷன்களை மொத்தமாகத் தடை செய்யச் சொல்லுங்கள். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். அந்தத் தேடலை ரவுட்டரைக் கேட்காமல் குரோமே செய்துகொள்ளும் 'செக்யூர் டிஎன்எஸ்'ஸையும் அங்கேயே அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்துச் சொல்லப்போகும் தடை குரோமிடம் செல்லாது.

ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை மாற்றுவதுதான் அந்தத் தடை. 1.1.1.3 என்று போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். அது ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் நிறுத்தும், இன்ஸ்டாகிராம் வழக்கம்போல் திறக்கும். எந்தத் தளம் வேண்டாம் என்று நீங்களே பட்டியல் போட முடிகிற சேவை வேண்டும். நெக்ஸ்ட்டிஎன்எஸ் அப்படி ஒன்று. அதன் இலவசத் திட்டம் மாதம் 3 லட்சம் கோரிக்கைகள் வரைதான், 40 கம்ப்யூட்டர் ஓடும் லேபுக்கு மாதக் கடைசி வரை வராது. தீர்ந்ததும் நெட் ஓடும், தடை மட்டும் சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே கட்டணத் திட்டம் எடுங்கள், டீலர் கேட்கும் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. வேறு டிஎன்எஸ் முகவரிக்குப் போக முடியாதபடி டிஎன்எஸ் கேள்விகள் போகும் வாசல்களான 53, 853 ஆகிய போர்ட்டுகளையும் ரவுட்டரில் மூடச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களின் வைஃபை அடுத்த ஓட்டை. பல ஆண்ட்ராய்டு போன்களில் வைஃபையைத் தொட்டு 'ஷேர்' கொடுத்தால் ஒரு க்யூஆர் கட்டம் வரும், அதற்குக் கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தில் தெரியும். ஒரு மாணவன் ஒருமுறை பார்த்தால் மாலைக்குள் விடுதி முழுக்கப் பரவிவிடும். லேபுக்கு ஒயர் இணைப்பு மட்டும் போதும். ஆசிரியர் வைஃபை பாஸ்வேர்டைப் பருவத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

டீலர் சொல்லாத விஷயங்களுக்கு வருகிறேன். பிள்ளையின் சொந்த போன் சிம் டேட்டாவில் ஓடும்போது அந்தப் பெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது. பெட்டிக்கு லைசென்ஸ் உண்டு, அதைப் புதுப்பிக்காவிட்டால் தளப்பட்டியல் பழசாகிவிடும். பூட்டிப் போகும் இணையத் தகவலைப் பிரித்துப் பார்க்கிற எச்டிடிபிஎஸ் சோதனையை இயக்க ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு சான்றிதழ் போடுவார்கள். வங்கித் தளங்களை விலக்கி வைக்காவிட்டால் ஆசிரியர்களின் வங்கி பாஸ்வேர்டும் அந்தப் பெட்டிக்குள் பிரிந்துதான் போகும். அதன் சாவி டீலரின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று தாளாளரிடம் கேளுங்கள். கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்றால், இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் புதுப்பிப்புத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். லைசென்ஸ் பள்ளியின் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும், அட்மின் பாஸ்வேர்டு பள்ளியின் பெட்டகத்தில் இருக்க வேண்டும். தயங்கும் டீலரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பாஸ்வேர்டை எழுதி வாங்குவது கூடவே கூடாது. நாளை அந்தக் கணக்கிலிருந்து ஏதாவது அசிங்கம் வெளியே போனால், "பாஸ்வேர்டு பள்ளியிலும் இருந்ததே" என்று பெற்றோர் கேட்பார்கள். உங்களிடம் பதில் இருக்காது. பிள்ளைகளும் இரண்டாவது கணக்கு ஒன்று வைத்துக்கொண்டு முதல் கணக்கைத்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

விடுதியில் போனை வாங்கி வைப்பது சரி. ஆனால் அப்பா, அம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளை அந்த விதியில் அப்படியே அடைத்துவிடாதீர்கள். கடலூர் மாவட்டத்தில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இணைய அழைப்புதான் வீடு. காப்பாளர் அறையில் பள்ளியின் பெயரில் ஒரு போன் வையுங்கள், வாட்ஸ்அப் மட்டும் போதும். துபாய், அபுதாபியில் வாட்ஸ்அப் அழைப்பு எடுபடாது, அந்தப் பிள்ளைகளுக்காக பாட்டிம் செயலியும் வேண்டும். நேரத்தையும் பாருங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி, குவைத் இரண்டரை மணி நேரம் பிந்தி. இரவு 9 மணிக்கு ஒரே வரிசையில் நிற்க வைத்தால் சிங்கப்பூர் அப்பா தூங்கியிருப்பார். சிங்கப்பூர் பிள்ளைகளுக்கு மாலை ஜெபத்துக்கு முன்பும், வளைகுடாப் பிள்ளைகளுக்குப் படிப்பு நேரம் முடிந்த பிறகும் கொடுங்கள். ஞாயிறு பூசை முடிந்து பேசட்டும் என்பது குவைத் பெற்றோருக்குப் பொருந்தாது, அங்கே ஞாயிறு வேலை நாள், வெள்ளிதான் விடுமுறை. கதவைத் திறந்து வைத்து, எட்ட இருந்து கவனித்தால் போதும். பேச்சைக் கேட்கக் கூடாது.

இன்ஸ்டாகிராமின் விதிப்படி குறைந்தபட்ச வயது 13. பொய்யான பிறந்த ஆண்டைத் தட்டினாலும் கணக்குத் திறக்கிறது. மேலிடத்திலிருந்து விழிப்புணர்வுக் கூட்டம் நடத்திப் படம் அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை வருகிறது, அந்தப் படமும் வாட்ஸ்அப்பில்தான் போகிறது. வீட்டுப்பாடமும் இரவு 8 மணிக்கு அதே வாட்ஸ்அப்பில்! பிறகு பிள்ளை போனை விடவில்லை என்று பெற்றோரை வரவழைத்துத் திட்டினால் என்ன நியாயம்? வீட்டுப்பாடம் டைரிக்குத் திரும்பட்டும். பெற்றோர் குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி வைத்து, அவசர அறிவிப்போடு நிறுத்துங்கள். இதற்கு எந்த டீலரும் வேண்டாம், அடுத்த ஆசிரியர் கூட்டத்திலேயே முடிவெடுத்துவிடலாம்.